வார்சா இலையுதிர்காலம்: முதன்முறை போகிறவர்களுக்கு

"நமக்குப் புரியுமா?"

போலந்தின் தலைநகர் வார்சாவில் நடக்கும் இந்தத் தற்கால இசை விழாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் கேட்பது இதைத்தான். கர்நாடக இசையை முப்பது வருடமாகக் கேட்பவர்களும் கேட்கிறார்கள், இளையராஜாவின் வயலின் பகுதிகளைத் தனியாக எடுத்துக் கேட்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். அரங்கில் அன்றைக்கு ஒலிக்கப்போகும் படைப்புகளில் சில, உலகத்தில் யாருமே இதுவரை கேட்காதவை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் வார்சாவிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் அவருக்கும் அது முதல் தடவைதான். பழகிய ரசிகர், புதியவர் என்ற இடைவெளி இவ்வளவு குறைவாக இருக்கும் வேறொரு இசை அரங்கை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் தயாரிப்பு வேண்டும். அது இசை இலக்கணத் தயாரிப்பு இல்லை, காதுக்கான தயாரிப்பு. முதல் தடவை போனபோது அது இல்லாமல் போனேன். ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சி என்று வரிசையாக உட்கார்ந்தேன். நான்காம் நாள் எதுவுமே காதில் ஏறவில்லை. நல்ல படைப்புகள் என் கண்முன்னே நழுவிப் போயின. அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்வது

போலிஷ் மொழியில் விழாவின் பெயர் வார்ஷாவ்ஸ்கா யெஷியென். வார்சா இலையுதிர்காலம் என்று பொருள். செப்டம்பர் பின்பாதியில் ஏறக்குறைய ஒன்பது நாள் நடக்கும். தற்கால மேற்கத்திய செவ்வியல் இசைக்கான பழைய சர்வதேச விழாக்களில் இது ஒன்று.

முதல் விழா 1956 அக்டோபரில் நடந்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1949-இல் வாகூஃப் என்ற ஊரில் கூடிய மாநாட்டில், இசையமைப்பாளர்கள் சோஷலிச யதார்த்தவாதத்தின்படிதான், அதாவது எளிதில் புரியும், ஆட்சியின் கொள்கைக்கு உதவும் இசையாகத்தான், எழுத வேண்டும் என்று போலந்து அரசு வலியுறுத்தியிருந்தது. வித்தோல்ட் லூதோஸ்வாவ்ஸ்கியின் முதல் சிம்பொனி, 'வடிவவாதம்' (மக்களுக்கு எட்டாத வெறும் வடிவ விளையாட்டு) என்ற முத்திரையோடு மேடையை விட்டு ஒதுக்கப்பட்டது. சோவியத் அணி நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த இரும்புத்திரைக்கு அப்பால் என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கேட்க அன்றைய இளம் இசையமைப்பாளர்களுக்கு வழி மிகக் குறைவு. ஸ்டாலின் இறந்து பனி சற்றே இளகிய நேரம் பார்த்து, ததேயுஷ் பேர்ட், கசிமியெஷ் செரோட்ஸ்கி என்ற இரண்டு இளைஞர்கள் போலந்து இசையமைப்பாளர் சங்கத்தின் வழியே இந்த விழாவைக் கொண்டுவந்தார்கள். முன்பு ஒதுக்கப்பட்டிருந்த கொமுல்கா மீண்டும் போலந்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்கு வந்ததும் அதே அக்டோபரில்தான்.

அடுத்த விழா 1958-இல் நடந்தது. அதற்குப் பிறகு 1982-இல் மட்டும் நின்றது; அது ராணுவச் சட்டத்தின் காலம். கிழக்கும் மேற்கும் ஒரே மேடையில் சந்திக்க முடிந்த அரிய இடமாகப் பல வருடம் வார்சா இருந்தது. சொந்த நாட்டில் முகச்சுளிப்புக்கு ஆளான சோவியத் இசையமைப்பாளர்கள் எதிசன் தெனிசோவ், சோஃபியா குபாய்துலினா, ஆல்ஃப்ரெட் ஷ்னிட்கே ஆகியோரின் இசை இங்கே ஒலித்தது.

இந்தக் கதையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அங்கே வரும் வயதான ரசிகர்களைப் பார்த்தால் உங்களுக்குக் கேள்வி எழும்: இவ்வளவு கடினமான இசைக்கு இத்தனை பேரா, இவ்வளவு பொறுமையா? அவர்களில் பலருக்கு இது ஜன்னல் திறந்த இடம். நம்மூரில் தாத்தா கைப்பிடித்துச் சபாவுக்குக் கூட்டிப்போவதுபோல அங்கே குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கென்றே 'சின்ன வார்சா இலையுதிர்காலம்' என்று தனி நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. பிள்ளைகளோடு பயணம் செய்கிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. கையால் தொட்டு ஒலியெழுப்பிப் பார்க்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.

இரண்டாம் படி: ஆறு வாரம் முன்பே வீட்டில் கேட்பது

இதுதான் முக்கியமான படி. நிறையக் கேட்க வேண்டாம். ஐந்தே படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை, வேறு வேலை செய்யாமல், ஹெட்ஃபோனில் கேளுங்கள். எல்லாமே யூடியூபில் கிடைக்கும்.

முதலில் கிராஷினா பட்செவிச்சின் 'தந்திகள், டிரம்பெட்கள், தாளக்கருவிகளுக்கான இசை'. 1958-இல் எழுதியது, மறு வருடம் இந்த விழாவில் அரங்கேறியது. ஐந்து டிரம்பெட்டுகள். ஓட்டமும் நாடித்துடிப்பும் தெளிவாகக் கேட்கும் இசை என்பதால் புதிய காதை இது அந்நியப்படுத்தாது. பட்செவிச் தேர்ந்த வயலின் கலைஞர். தந்திக்குள் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து லூதோஸ்வாவ்ஸ்கியின் 'இரங்கல் இசை'. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக்கின் நினைவுக்காக எழுதி 1958-இல் முடித்தது. பதினாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் பன்னிரண்டு ஸ்தானங்களும் வருகிற ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையின் அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே இரண்டே வகை இடைவெளிகள்தான். நம் கணக்கில் சொன்னால் ஸட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் எவ்வளவு தூரமோ அது ஒன்று. ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் எவ்வளவு தூரமோ அது இன்னொன்று. தம்பூரா போட்டு இந்த இரண்டையும் பாடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் செல்லோ ஒன்று தனியாக நடக்கத் தொடங்குகிறது, இன்னொன்று பின்னாலேயே வருகிறது. அந்த நடையின் துக்கம் உடனே பிடிபடும்.

மூன்றாவது, கிஷிஸ்தோஃப் பெண்டரெட்ஸ்கியின் 'ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான ஓலம்'. 52 தந்திக் கருவிகள்: 24 வயலின், 10 வியோலா, 10 செல்லோ, 8 டபுள்பாஸ். எழுதியபோது அவர் வைத்த பெயர் வெறும் நேர அளவு, '8 நிமிடம் 37 விநாடி'. ஹிரோஷிமா என்ற பெயர் பிறகு வந்தது. இசையை எழுதிய தாளான ஸ்கோரில் தாளக் கட்டம் கிடையாது. அடியில் விநாடிகள் குறித்திருக்கும். 'உன் கருவியில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரமான சுரத்தை வாசி' என்பதற்கு ஒரு கறுப்பு முக்கோணக் குறி. கடைசியில் 52 கருவிகளும் கால் சுர இடைவெளிகளில் நெருக்கியடித்து ஒரே சுவராக எழும்பி, முப்பது விநாடியில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். ஓடிக்கொண்டே நகரும் ஸ்கோரோடு இருக்கும் காணொளிகள் உண்டு. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தடவை ஸ்கோரோடு என்று மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது.

நான்காவது, லூதோஸ்வாவ்ஸ்கியின் 'வெனிஸ் விளையாட்டுகள்', 1961. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் பியானோ கான்செர்ட்டோ ஒன்றை அவர் வானொலியில் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தன் இசையை எப்படி எழுதலாம் என்ற வழி அவருக்குத் திறந்துவிட்டது. இதில் சில இடங்களில் ஒவ்வொரு கலைஞரும் தனக்கு எழுதியிருப்பதைத் தன் சொந்த வேகத்தில் வாசிப்பார். அடுத்தவரோடு சேர வேண்டிய கட்டாயம் இல்லை. தாளக்கருவியின் ஒரு அடி விழுந்ததும் காட்சி மாறும். கோயில் திருவிழாவில் ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் பறை, ஒரு பக்கம் ஒலிபெருக்கி என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதில்லை. ஆனால் இங்கே எந்தெந்தச் சுரங்கள் மோதலாம் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. அந்தக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று தேடிக் கேளுங்கள்.

ஐந்தாவது போலந்தைச் சேர்ந்ததல்ல. பிரான்சின் ஜெரார் கிரிஸே 1975-இல் 18 கலைஞர்களுக்காக எழுதிய 'பார்ஸியேல்'. டிராம்போனில் ஒரு தாழ்ந்த சுரத்தை ஊதி, அந்த ஒற்றை ஒலிக்குள் மறைந்திருக்கும் மேல்சுரங்களை ஆராய்ந்து, அவற்றை மற்றக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். நமக்கு இது வீட்டு விஷயம். தம்பூராவில் ஜீவா நூலைச் சரியாக வைத்து மீட்டும்போது யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுகிறதே, அந்தச் சுயம்பு காந்தாரம் என்ன செய்கிறதோ அதைத்தான் பதினெட்டுப் பேரும் சேர்ந்து செய்கிறார்கள். கிரிஸேயின் இசையைக் கேட்கத் தமிழ்நாட்டு ரசிகரைவிடத் தகுதியான காது குறைவு என்பது என் உறுதியான எண்ணம்.

நேரம் இருந்தால் போலிஷ் வானொலியின் சோதனை ஸ்டூடியோவில் உருவான மின்னணு இசையையும் தேடிக் கேளுங்கள். யூசெஃப் பத்கோவ்ஸ்கி 1957-இல் தொடங்கிய இடம் அது. கட்டடக் கலைஞர் ஆஸ்கர் ஹன்சன் வடிவமைத்த அதன் 'கறுப்பு அறை'யில் சுவர்ப் பலகைகளைத் திருப்பினால் ஒலி எதிரொலிக்கும் விதமே மாறும். ஒலியை வெட்டி ஒட்டுவதற்கு நாடாவும் பிளேடும் போதும் என்றிருந்த காலத்தில் அங்கே செய்தவை இன்றைக்கும் வியப்பூட்டுகின்றன.

மூன்றாம் படி: நிகழ்ச்சி நிரலைப் படித்துத் தேர்ந்தெடுப்பது

நிரல் வெளியானதும் பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் பெரும்பாலான பெயர்கள் ஐரோப்பிய ரசிகர்களுக்கும் தெரியாது. பெயரை விட்டுவிட்டு, யார் வாசிக்கிறார்கள், எந்தக் கருவிகள், எந்த அரங்கு என்று பாருங்கள்.

சில போலிஷ் சொற்கள் உதவும். 'பிராவிகோனானியே' என்று போட்டிருந்தால் உலகில் முதல் அரங்கேற்றம். அதன் பக்கத்தில் 'ஸமுவியேனியே' என்ற சொல் வந்தால், விழாவே கேட்டு எழுதவைத்த படைப்பு. 'பியெர்ஃப்ஷே விகோனானியே ஃப் போல்ஸ்ட்சே' என்றால் போலந்தில் முதல் தடவை. 'பிஷெர்வா' என்றால் இடைவேளை.

என் கணக்கு: நான்கு நாள் தங்குகிறவர் ஐந்து நிகழ்ச்சிகளுக்கு மேல் போகக் கூடாது. அதில் ஒன்று முழு ஆர்கெஸ்ட்ரா கச்சேரியாக இருக்கட்டும். தொடக்க நாளோ இறுதி நாளோ அது கிடைத்துவிடும். ஒன்று பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழு. இந்த விழாவின் சிறந்த தருணங்கள் எனக்குக் கிடைத்தது இவற்றில்தான். ஒன்று தந்தி நால்வரோ தனிக்கலைஞரோ. ஒன்று மின்னணு இசை அல்லது நடந்து திரிந்து கேட்கும் ஒலி அமைப்பு. ஐந்தாவதை அங்கே போனபின் முடிவு செய்யுங்கள். இடைவேளையில் யாராவது கண் பளபளக்க ஒன்றைச் சொல்வார்கள்; அதற்குப் போங்கள்.

இரவு பத்தரை மணிவாக்கில் தொடங்கும் நிகழ்ச்சிகளும் நிரலில் இருக்கும். துணிச்சலான சோதனைகள் பெரும்பாலும் அங்கேதான். அப்படி ஒன்றைத் தேர்ந்தால் மறுநாள் மாலை வரை வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: விசா, டிக்கெட், தங்குமிடம்

இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கோடைக் கூட்டத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் ஜூன் மாதத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், நார்வே போன்ற நாடுகளில் வதிவிட அனுமதியோடு இருக்கும் நம் மக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெர்லினிலிருந்து நேர் ரயில் உண்டு, ஐந்தரை மணி நேரம் போல ஆகும்.

போலந்தின் பணம் ஸ்வோத்தி, யூரோ அல்ல. அட்டையை எல்லா இடத்திலும் வாங்கிக்கொள்வார்கள்.

டிக்கெட்டைத் தனித்தனியாகவும் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கார்னெட்' என்ற தொகுப்பாகவும் வாங்கலாம். முதன்முறை போகிறவர்களுக்குக் கார்னெட் வேண்டாம். கையில் இருந்தால் எல்லாவற்றுக்கும் போகச் சொல்லும். மாணவர் அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.

தங்குவதற்கு நோவி ஷ்வியாத் தெருவை ஒட்டிய பகுதி வசதி. முக்கிய அரங்குகள் இரண்டுக்கும் நடந்தே போகலாம். இரவு நிகழ்ச்சி முடிந்து திரும்புவதும் எளிது.

ஐந்தாம் படி: அரங்குகளுக்குப் போய்ச் சேர்வது

ஷோப்பேன் விமான நிலையத்திலிருந்து 175 எண் பேருந்து நகர மையத்துக்கு வரும். பேருந்து, டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. காகிதச் சீட்டு வாங்கினால் ஏறியதும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். சீட்டு வைத்திருந்து முத்திரை இல்லையென்றாலும் அபராதம்தான்.

பெரிய கச்சேரிகளின் வீடு யாஸ்னா தெருவில் இருக்கும் தேசிய ஃபில்ஹார்மோனியா. 1901-இல் திறந்த பழைய கட்டடம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. இப்போதிருப்பது 1955-இல் எழுந்தது, அதாவது முதல் விழாவுக்கு ஒரு வருடம் முன்பு. ஷோப்பேன் பியானோ போட்டி நடப்பதும் இங்கேதான். ஷ்வியென்டோக்ஷிஸ்கா மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை.

ஒகூல்னிக் தெருவிலுள்ள ஷோப்பேன் இசைப் பல்கலைக்கழகம் இன்னொரு அரங்கு. ஷோப்பேன் அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, போலிஷ் வானொலியின் லூதோஸ்வாவ்ஸ்கி கச்சேரி ஸ்டூடியோ. இது தெற்கே மொகோதூஃப் பகுதியில், மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள். இவை தவிர தேவாலயங்கள், காட்சிக் கூடங்கள், பழைய தொழிற்கூடங்கள் என்று வருடத்துக்கு வருடம் இடம் மாறும். டிக்கெட்டில் இருக்கும் முகவரியை ஒவ்வொரு தடவையும் பாருங்கள், பழக்கத்தில் யாஸ்னா தெருவுக்குப் போய்விடாதீர்கள்.

சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. 'பார் ம்லெச்னி' என்ற மலிவு உணவகங்கள் நகரெங்கும் உண்டு, பல மாலையிலேயே மூடிவிடும். சைவர்களுக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி கிடைக்கும். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவும் வழக்கம் உண்டு என்பதால், கேட்கும்போதே "பெஸ் ஸ்க்வார்கூஃப்" என்று சொல்லிவிடுங்கள். அது வேண்டாம் என்று அர்த்தம்.

ஆறாம் படி: அரங்குக்குள்

மேலங்கி, பெரிய பை, குடை இவற்றை 'ஷாத்னியா' என்ற இடத்தில் கொடுத்து எண் வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவது அங்கே மரியாதைக் குறைவு. செப்டம்பர் இறுதியில் மாலைகள் குளிரும் என்பதால் இந்த வில்லை உங்கள் கையில் தினமும் இருக்கும். உடைக்கு விதி ஏதும் இல்லை. ஃபில்ஹார்மோனியாவில் மட்டும் கொஞ்சம் நேர்த்தியாக வருவார்கள்.

நிகழ்ச்சிப் புத்தகத்தை வாங்குங்கள். போலிஷிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், கனமானது, ஒவ்வொரு படைப்பைப் பற்றியும் இசையமைப்பாளரே எழுதிய குறிப்பு பெரும்பாலும் இருக்கும். ஆனால் அதைப் படைப்பு தொடங்குமுன் முழுதும் படிக்காதீர்கள். கருவிகளின் பட்டியலையும் கால அளவையும் மட்டும் பாருங்கள். 'இருபத்திரண்டு நிமிடம்' என்று தெரிந்திருந்தால் மனம் தவிக்காது. குறிப்பைக் கேட்டு முடித்தபின் படிக்கலாம், நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு படைப்புக்கும் அடுத்ததற்கும் மேடையை மாற்றி அமைக்கவே ஐந்து, பத்து நிமிடம் ஆகும். தாளக்கருவிகளை நகர்த்துவார்கள், ஒலிவாங்கிகளை மாற்றுவார்கள், பியானோவைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நேரம் படிப்பதற்கு, அல்லது மேடையில் என்ன வருகிறது என்று வேடிக்கை பார்ப்பதற்கு. தகரத் தகடும் பூந்தொட்டிகளும் மேடையேறினால் அடுத்த இருபது நிமிடம் எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

வாசிக்கும்போது தொடையில் தாளம் போடும் வழக்கம் நமக்கு உண்டு. அங்கே அது பக்கத்து இருக்கையை உறுத்தும். "ஆஹா", "சபாஷ்" கிடையாது. இடையில் கைதட்டலும் கிடையாது. படைப்பு முடிந்துவிட்டதா என்ற சந்தேகம் அடிக்கடி வரும், ஏனென்றால் பல படைப்புகள் மௌனத்துக்குள் போய் முடியும். இசைக்குழு நடத்துநரின் கையைப் பாருங்கள். கை இறங்கும்வரை அந்த மௌனமும் எழுதப்பட்டதே. பிறகு கைதட்டல் தொடங்கும், அரங்கின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து மேடையை நோக்கி நடப்பார். அவர்தான் இசையமைப்பாளர். அதுவரை உங்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருந்திருப்பார். தியாகராஜரும் தீட்சிதரும் எழுதியதைக் கேட்டே பழகிய எனக்கு, எழுதியவர் உடம்போடு எழுந்து நடந்து போகும் அந்தக் காட்சி ஒவ்வொரு தடவையும் சிலிர்ப்பாக இருக்கிறது.

காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பெருக்கிய மின்னணு இசை சில நேரம் உடம்பே அதிரும் அளவுக்குப் போகும்.

ஏழாம் படி: கேட்பது

முதல் சில நிமிடம் நம் காது தானாகவே ஸட்ஜத்தைத் தேடும். அது கிடைக்காது. பிறகு தாளத்தைத் தேடும். அதுவும் பல படைப்புகளில் இல்லை. இந்த இரண்டும் இல்லை என்றதும் மனம் 'இது இசையே இல்லை' என்று முடிவுகட்டப் பார்க்கும். அந்த முடிவைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுவதுதான் முழுக் கலையும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? நமக்கு ஏற்கெனவே உள்ள வேறொரு திறமையைக் கூப்பிடுங்கள். மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை நினைத்துப் பாருங்கள். மீட்டு, சாப்பு, குமிக்கி, இடந்தலையின் தொப்பி இவற்றை நாம் வேறுபடுத்துவது சுர உயரத்தால் மட்டும் இல்லை, ஒலியின் நிறத்தாலும் தோலின் அழுத்தத்தாலும்தான். கண்ணை மூடிக்கொண்டே 'இது சாப்பு' என்று சொல்ல நம்மால் முடியும். 1960-களின் போலந்து இசைக்கு 'சொனோரிஸம்' என்ற பெயர் நிலைத்தது. அந்த இசை கேட்கிற காது இதே காதுதான். வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பின்புறம் வில்லை இழுப்பார்கள். வில்லின் கட்டையால் தந்தியைத் தட்டுவார்கள். கருவியின் உடம்பில் விரலால் அடிப்பார்கள். புல்லாங்குழலில் சுரம் வராமல் வெறும் காற்றை மட்டும் ஊதுவார்கள். இவை வித்தைக்காகச் செய்வதில்லை. நமக்கு ராக சஞ்சாரம் எப்படியோ அப்படி அவர்களுக்கு ஒலிநிறத்தின் சஞ்சாரம். கரடுமுரடான ஒலி மெல்ல மெருகேறுவதும், அடர்த்தியான கூட்டம் கலைந்து ஒற்றைத் தந்தி மிஞ்சுவதும்தான் அங்கே நிகழும் கதை.

நான் கேட்கும்போது மனதுக்குள் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்வேன்: இப்போது எது மாறாமல் நிற்கிறது? பெரிய இரைச்சலுக்கு நடுவிலும் ஏதோ ஒன்று நிற்கும். ஒரு நீண்ட சுரமாக இருக்கலாம், அடிக்கடி திரும்பும் ஒரு தட்டலாக இருக்கலாம், ஒரு இடைவெளியாக இருக்கலாம். அது கிடைத்துவிட்டால் மற்றவை அதைச் சுற்றி ஒழுங்காகும். அது எப்போது மறைகிறது என்பது தெரிந்தால் படைப்பின் திருப்பமும் தெரிந்துவிடும்.

கண்ணையும் பயன்படுத்துங்கள். கண்மூடிக் கேட்பதுதான் ரசனை என்ற எண்ணத்தை இங்கே சற்று விடலாம். இந்த ஒலியை யார் எழுப்புகிறார் என்று தெரியாதபோது மேடையைத் தேடிப் பார்த்தால், காது திடீரென்று கூர்மையாகும். டபுள்பாஸ் என்று நினைத்தது தாளக்கருவிக்காரர் தன் கோங்கின் மேல் இழுத்த வில்லாக இருக்கும்.

எட்டாம் படி: பிடிக்காதபோது

பிடிக்காத படைப்புகள் நிச்சயம் வரும். எனக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மாலையாவது வெறுமையாகப் போகும். புதிய இசையில் நல்லதும் சாதாரணமானதும் கலந்தே இருக்கும். சல்லடை போடக் காலம் இன்னும் வரவில்லை. அரங்கில் இருக்கும் நாம்தான் அந்தச் சல்லடை. ஆகவே பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டு படைப்புகளுக்கு இடையில் எழுந்து போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நடுவில் எழ வேண்டாம்.

ஆனால் தீர்ப்பை அன்றிரவே எழுதிவிடாதீர்கள். ஹென்ரிக் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி 1977-இல் பிரான்சின் ருவாயான் விழாவில் அரங்கேறியபோது, இவ்வளவு எளிமையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1992-இல் வந்த அதன் ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதே குரெட்ஸ்கிதான் 1960-இல் இந்த வார்சா மேடையில் 'ஸ்கொந்த்ரி' என்ற படைப்பால் அரங்கை அதிரவைத்தவர்.

ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரே ஒரு வரி: எந்த ஒலி மனதில் நின்றது. மூன்று நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். எந்த வரியைப் படித்ததும் ஒலி காதில் திரும்பி வருகிறதோ, அந்த இசையமைப்பாளரின் பெயரைத் தேடிப் போங்கள். எனக்குப் பிரியமான இசையமைப்பாளர்கள் பாதிப்பேர் அந்தக் குறிப்பேட்டிலிருந்து வந்தவர்கள்.

இடைவேளையில் முன்கூடத்தில் நின்று பேசுங்கள். நீங்கள் இசைப் படிப்புப் படித்தவரா என்று யாரும் கேட்பதில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். கால் சுரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கமகம் என்றால் என்ன என்று பாடிக் காட்டுங்கள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதைக் கேட்டதும் இசையமைப்பாளர் ஒருவர் பையிலிருந்து பேனாவை எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போக முடியாதவர்களுக்கு

போலிஷ் வானொலியின் இரண்டாம் அலைவரிசை, 'த்வூய்கா' என்று அழைப்பார்கள், விழாவின் கச்சேரிகளை நேரலையாக ஒலிபரப்பும் வழக்கம் உண்டு. இணையத்தில் கேட்கலாம். செப்டம்பரில் வார்சா நேரத்துக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஏழரை என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு பதினொன்று. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பின்னிரவு ஒன்றரை ஆகிவிடும்.

அறிவிப்பாளர் போலிஷில் நெடுநேரம் பேசுவார். அதுவும் மேடை மாற்றும் நேரம்தான், வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். விழாத் தளத்தில் அன்றைய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேச்சு நின்று அரங்கின் இருமல்கள் அடங்கும்போது படைப்பு தொடங்கப்போகிறது.